ரோட்டுலயும் போன்லயும் புள்ளைங்க பத்திரமா இருக்கறதுக்கு: எங்க கடைக்கு வர்ற பசங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

எங்க கடை பெருந்துறை பக்கத்துல ஒரு ஹையர் செகண்டரி ஸ்கூலுக்கு எதுக்க இருக்குதுங்க. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பிரிண்ட்னு பன்னெண்டு வருசமா நடத்தறேன். நெறையா புள்ளைங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே பனியன் கம்பெனிக்கோ மில்லுக்கோ போயிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல தான் வீடு வந்து சேருவாங்க, அதுனால மனசுல ஏதாச்சும் இருந்தா ஸ்கூல் விட்டதும் கடைக்கு வந்து ஒரு பேனா வாங்கற மாதிரி நின்னுட்டு மெதுவா கேக்கறாங்க. ஒரே கேள்விய பத்து புள்ளைங்க தனித்தனியா வந்து கேக்கறப்ப, ஒவ்வொண்ணும் தனக்கு மட்டும் தான் இப்படி நடக்குதுன்னு நெனச்சுட்டு இருக்கறத பாத்தா எனக்கு தாங்கலீங்க. அதான் எழுதீட்டேன். நான் வக்கீல் இல்ல, புள்ளைங்க கூட ஸ்டேஷனுக்கும் ஆபீஸுக்கும் போய் நின்னு கத்துக்கிட்டது தான் இதெல்லாம்.

இப்பவே ஆபத்துல இருக்கறவங்க மேல படிக்க வேண்டாம், 112க்கு கூப்பிடுங்க. பதினெட்டு வயசுக்கு கீழ யாரா இருந்தாலும் 1098, ஆன்லைன்ல பணம் போயிருச்சுன்னா 1930. எல்லாமே ராத்திரி பகல்னு இல்லாம எடுப்பாங்க, காசு கிடையாது.

என்ற போட்டோவ வச்சுட்டு ஒருத்தன் மிரட்டறான், காசு கேக்கறான், நான் என்னக்கா பண்ணோணும்?

மொதல்ல காசு அனுப்பாதே கண்ணு. ஏற்கனவே அனுப்பியிருந்தாலும் இனிமே அனுப்பாதே.

போன வருசம் ஐப்பசில நல்ல மழை, பதினொண்ணாவது படிக்கற புள்ள ஒண்ணு ஆதார் ஜெராக்ஸ் வேணும்னு வந்துச்சு, கையில ஆதாரே இல்ல. கவுண்டர் மேல இருந்த ஸ்டேப்ளர எடுத்து தெறக்கறதும் மூடறதுமா ஒரு பத்து நிமிசம் நின்னா. கடையில ஆள் போனதுக்கப்பறம் "அக்கா, சாட்ட டெலிட் பண்ணீட்டா அவன்கிட்ட இருக்கற போட்டோவும் போயிருமா"ன்னு கேட்டா. இன்ஸ்டால ஒரு பொண்ணு பேருல பழகுனவன், ரெண்டு மாசம் நல்லா பேசியிருக்கான், அப்பறம் ஒரே ஒரு போட்டோ கேட்டிருக்கான், அடுத்த நாளே அவளோட ஃபாலோயர் லிஸ்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி அஞ்சாயிரம் குடு இல்லீனா இவிய எல்லாத்துக்கும் போகும்னு மிரட்டியிருக்கான். அவ அம்மா போன்ல இருந்து ரெண்டாயிரம் போட்டுட்டா, அம்மாவோட ஒரு வாரச் சம்பளத்துல பாதி அது. காசு வந்ததும் அவன் விட்டானா, சாயந்தரமே மறுக்கா கேட்டான். குடுக்கறவங்கள தான் திரும்பத் திரும்பக் கேப்பான், குடுத்து ஓஞ்ச ஆளே இல்ல.

நாங்க பண்ணுனது இதுதான். சாட் எதையும் அழிக்கல. அவன் மிரட்டுன மெசேஜ், காசு கேட்ட மெசேஜ், அவன் யூசர்நேம், ப்ரொஃபைல் லிங்க் எல்லாத்தையும் தேதி நேரம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். லிங்க் ரொம்ப முக்கியம், எதுக்குன்னா பேரயும் டிபியயும் அவன் ஒரு நிமிசத்துல மாத்தீருவான். பணம் போன ஜீபே ரசீதுல பன்னெண்டு இலக்கத்துல யூடிஆர் நம்பர் இருக்கும், அதையும் எடுத்து வெச்சோம். இதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்பறம் தான் ரிப்போர்ட் அடிச்சு பிளாக் பண்ணுனது. நெறையா பேர் பயத்துல மொதல்லயே பிளாக் பண்ணீட்டு அக்கவுண்ட்டயே அழிச்சுடறாங்க, அப்ப கையில ஆதாரமே இருக்காது. ஆனா ஒண்ணு, அந்த போட்டோவ மட்டும் ஆதாரத்துக்குன்னு சொல்லி எனக்கோ ஃப்ரெண்டுக்கோ யாருக்கும் அனுப்பாதே, வேணுங்கறப்ப போலீஸ் உன்ற போன்லயே பாத்துக்குவாங்க.

அப்பறம் 1930க்கு கூப்பிட்டோம், சைபர்கிரைம்.கவ்.இன் (cybercrime.gov.in) சைட்ல புகாரும் போட்டோம். பொம்பளப் புள்ளைங்க, சின்ன புள்ளைங்க சம்பந்தப்பட்ட புகார அதுல பேரு சொல்லாமயே போடறதுக்கும் ஒரு வழி இருக்குது. பணம் போனதா இருந்தா எவ்வளவு சீக்கிரம் 1930க்கு சொல்றமோ அவ்வளவுக்கு அந்த பணத்த அடுத்த அக்கவுண்ட்டுக்கு போகாம நிறுத்தற வாய்ப்பு இருக்குது, அதுனால நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாது. அந்த புள்ளையோட போட்டோ எங்கயும் வரல. இப்ப பன்னெண்டாவது, அக்கவுண்டன்சில நல்ல மார்க் வாங்கறா.

நெட்ல ஏத்தீட்டா திரும்ப எடுக்கவே முடியாதா?

முடியும்கண்ணு, எல்லா எடத்துலயும்னு சொல்ல மாட்டேன், ஆனா முடியும். டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் 2023ல ஆரம்பிச்சாங்க. பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கறப்ப எடுத்த அந்தரங்க போட்டோ வீடியோவுக்கு தான் அது. போட்டோவ அவங்களுக்கு அனுப்ப வேண்டியதே இல்ல, உன்ற போன்லயே அந்த போட்டோவுக்கு கைரேகை மாதிரி ஒரு நம்பர உருவாக்கி அந்த நம்பர மட்டும் தான் எடுத்துக்கும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி அதுல சேந்திருக்கற கம்பெனிங்க அதே கைரேகை இருக்கற போட்டோவ கண்டுபுடிச்சு தூக்கீருவாங்க. வாட்ஸப்ல ஆளுக்கு ஆள் அனுப்பிக்கறத இதால தடுக்க முடியாது. பதினெட்டு தாண்டுனவங்களுக்கு ஸ்டாப்என்சிஐஐன்னு வேற ஒண்ணு இருக்குது, அதுவும் இதே மாதிரி தான்.

நான் எதுவுமே அனுப்பல, டிபில இருந்த மூஞ்சிய எடுத்து வேற உடம்புல ஒட்டியிருக்கான்.

உன்ற மேல ஒரு தப்பும் இல்ல. பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கற புள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காப்பாத்தறதுக்கு இருக்கற போக்சோ சட்டத்த 2019ல திருத்துனப்ப, கம்ப்யூட்டர்ல உருவாக்குனதோ மாத்துனதோ பாத்தா ஒரு கொழந்தையோட படம்னு தெரிஞ்சா அதுவும் கொழந்தை ஆபாசப் படம்னே சேத்தீட்டாங்க. மேல சொன்னத எல்லாம் இதுக்கும் அப்படியே பண்ணலாம்.

வீட்டுல சொன்னா போன புடுங்கீட்டு படிப்ப நிறுத்தீருவாங்க. சொல்லாமயே முடிக்க முடியாதா?

இந்தக் கேள்வி தானுங்க எல்லாத்துக்கும் அடில கெடக்குது. மிரட்டறவன் கையில இருக்கறது போட்டோ இல்ல, "வீட்டுல சொல்லீருவேன்"கற அந்த ஒரு வார்த்தை தான். உங்கப்பாவ அவன் பாத்தது கூட இல்ல, ஆனா உங்கப்பா மேல உனக்கு இருக்கற பயத்த வெச்சு பொழப்பு நடத்தறான். நீயே வீட்டுல சொல்லீட்டயின்னா அவன்கிட்ட மிரட்டறதுக்கு மிச்சம் ஒண்ணுமே இல்லாம போயிரும்.

அப்பா அம்மா கிட்ட நேரா சொல்ல முடியலைன்னா சுத்தி பாரு. அம்மிச்சி, சித்தி, மாமா, டியூஷன் மிஸ், ஸ்கூல்ல உனக்கு புடிச்ச டீச்சர்னு யாரோ ஒருத்தர் இருப்பாங்க. நம்ம பக்கம் அம்மிச்சி கிட்ட சொன்னா காரியம் ஆகும், மகள்கிட்ட எப்படி பேசோணும்னு அவங்களுக்குத் தெரியும். வாயில வரலைன்னா ஒரு பேப்பர்ல எழுதி குடு, "என்ன திட்டாம மொதல்ல இத படிங்க"ன்னு மேல எழுது. அதுவும் ஆகலைன்னா 1098, ஸ்கூல் சம்பந்தமா இருந்தா பள்ளிக்கல்வித் துறையோட 14417. கோயமுத்தூர்ல படிக்கற காலேஜ் புள்ளைங்களுக்கு போலீஸ் அக்கான்னு 2022ல இருந்து ஒரு ஏற்பாடு இருக்குது, ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு பெண் போலீஸ், நம்பர் நோட்டீஸ் போர்டுல இருக்கும்.

பேசுனது தெரிஞ்சா உடனே மாப்பிள்ளை பாத்து கட்டி வெச்சுருவாங்கன்னு ரெண்டு மூணு புள்ளைங்க சொல்லியிருக்குது. பதினெட்டு ஆகாம கல்யாணம் பண்ணி வெக்கறது குத்தம் சாமி, அதுக்கும் 1098க்கு கூப்பிடலாம், நிச்சயம் முடிஞ்சு பத்திரிக்கை அடிச்சதுக்கு அப்பறமும் நிறுத்தலாம்.

போலீஸ்ல புகார் குடுத்தா ஊரு பூரா பேரு தெரிஞ்சுராதா?

இந்த பயம் ஏன் வந்துச்சுன்னு நம்ம பக்கத்துல எல்லாத்துக்கும் தெரியும். 2019ல பொண்ணுங்கள பாலியல் கொடுமை பண்ணி வீடியோ எடுத்து மிரட்டுன பொள்ளாச்சி வழக்கு வெளிய வந்தப்ப புகார் குடுத்த பொண்ணோட அடையாளமே வெளிய வந்துருச்சு, அந்த பொண்ணுக்கு 25 லட்சம் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லி ஐகோர்ட்டே சொல்ற அளவுக்கு போச்சு. அது நடந்த தப்பு தான், மறைக்க முடியாது. ஆனா அதே வழக்கு எப்படி முடிஞ்சுதுன்னும் பாரு. 2025 மே 13 அன்னைக்கு கோயமுத்தூர் மகளிர் கோர்ட்ல ஒம்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு. ஒரு பொண்ணு வாய தெறந்ததுல ஆரம்பிச்சது அது, அவளுக்கு அப்பறம் மத்த பொண்ணுங்களும் தைரியமா வந்து கோர்ட்ல சொன்னாங்க.

உனக்கு பதினெட்டு ஆகலைன்னா போக்சோ சட்டத்துல உனக்குன்னு இருக்கறத கேட்டு வாங்கோணும். உன்ற பேர், ஸ்கூல், வீடு எதையும் பத்திரிக்கையோ டிவியோ சொல்லக்கூடாது. வாக்குமூலம் வாங்கறதுக்கு உன்ற வீட்டுக்கோ நீ சொல்ற எடத்துக்கோ அவங்க வரோணும், முடிஞ்ச வரைக்கும் எஸ்.ஐ. ரேங்குக்கு கொறையாத பெண் அதிகாரி, யூனிபார்ம் போடாம. அப்பா அம்மாவோ நீ நம்பற ஒருத்தரோ கூட இருக்கலாம். ராத்திரில ஸ்டேஷன்ல உக்கார வெக்கக்கூடாது. பொம்பளப் புள்ளைன்னா மெடிக்கல் செக்கப் பெண் டாக்டர் தான் பண்ணோணும். கோர்ட்லயும் அவன் மூஞ்சிய நீ பாக்காத மாதிரி தான் சாட்சி வாங்குவாங்க.

ஒரு தடவ ஒரு புள்ளையையும் அவங்கம்மாவையும் கூட்டீட்டு ஒரு ஸ்டேஷனுக்கு போனப்ப, இது எங்க லிமிட் இல்லீங்க அந்த ஸ்டேஷனுக்கு போங்கன்னு அனுப்பீட்டாங்க, மழையில ரெண்டு பஸ் மாறி போனோம். அப்ப எனக்கு தெரியல. எந்த ஸ்டேஷன்ல வேணாலும் புகார் குடுக்கலாம், அவங்க பதிஞ்சு சரியான ஸ்டேஷனுக்கு அனுப்போணும், ஜீரோ எஃப்ஐஆர்னு பேரு. 2024 ஜூலைல வந்த புது சட்டத்துலயே எழுதியிருக்குது. அந்த வார்த்தைய சொல்லி கேளுங்க.

டவுன் பஸ்ல கூட்டத்துல ஒருத்தன் தப்பா ஒரசறான், கத்துனா எல்லாரும் என்ன தானே பாப்பாங்க?

பாக்கட்டும் கண்ணு, பாக்கறதுக்கு தான் கத்தறோம். அவன் நம்பறது நீ தல குனிஞ்சு நகந்துக்குவங்கறத. "ஏனுங்ண்ணா தள்ளி நில்லுங்க, கைய எடுங்க"ன்னு பஸ் பூரா கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லு, பெரும்பாலும் அடுத்த ஸ்டாப்புல எறங்கீருவான். எறங்கலைன்னா கண்டக்டர்ட்ட சொல்லு. 2022ல தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிய திருத்தி, பொம்பளைங்க கிட்ட தப்பா நடந்துக்கறவன பஸ்ஸ விட்டு எறக்கி விடவோ போலீஸ்ல ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. கண்டக்டர் கண்டுக்கலைன்னா பக்கத்துல நிக்கற அக்காவ புடிச்சுக்கோ. கம்பெனிக்கு போயிட்டு வர்ற பொம்பளைங்க இந்த மாதிரி சமயத்துல விட மாட்டாங்க, நானே பாத்திருக்கேன், ஒரு அம்மா டிபன் கேரியர தூக்கீட்டாங்க.

பயத்துல கொரல் வரலைன்னாலும் அது உன்ற தப்பு இல்ல. நெறையா பேருக்கு வராது. எறங்குனதுக்கு அப்பறம் பஸ் நம்பர், ரூட், நேரம் எழுதி வெச்சுக்கோ.

மெயின் ரோட்டுல எறங்கி தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கோணும், தனியா போறப்ப என்ன பண்றது?

நம்ம பக்கம் வீடெல்லாம் தோட்டத்துக்குள்ள இருக்கறதுனால இது பெரிய விசயம். இட்டேரில ரெண்டு பக்கமும் கள்ளியும் முள்ளும் ஒசந்து நிக்கும், கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. முடிஞ்ச வரைக்கும் ஒரே பஸ்ல வர்ற நாலு பேர் சேந்து நடங்க, ஒருத்தி லேட்டுன்னா மத்தவங்க நில்லுங்க. ஸ்பெஷல் கிளாஸ் வெக்கற ஸ்கூலுங்களும் இத யோசிக்கோணும், கடைசி டவுன் பஸ் போனதுக்கு அப்பறம் விட்டா புள்ளை எப்படி வீட்டுக்கு போகும்?

தனியா தான் போகோணும்னா எறங்கறப்ப வீட்டுக்கு ஒரு போன் போட்டு "எறங்கீட்டேன்"னு சொல்லீட்டு நட, லைவ் லொகேஷன் ஆன் பண்ணி விடு. காதுல ஹெட்செட் மாட்டாதே, பின்னாடி வண்டி வர்றது கேக்கோணும். காவல் உதவின்னு தமிழ்நாடு போலீஸோட ஆப் இருக்குது, செவப்பு பட்டன அமுக்குனா நீ இருக்கற எடம் கண்ட்ரோல் ரூமுக்கு போயிரும், இன்னைக்கே ஏத்தி நம்பர பதிஞ்சு வெய்யி. நெறையா ஆண்ட்ராய்டு போன்ல பவர் பட்டன அஞ்சு தடவ அமுக்குனா எமர்ஜென்சிக்கு போகும், செட்டிங்ஸ்ல பாத்து வெச்சுக்கோ.

லிப்ட் விசயம். தெரியாதவன் வண்டில ஏறக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் தெரியும், பஞ்சாயத்து வர்றது தெரிஞ்சவன் வண்டில தான். "உங்கப்பா தான் அனுப்புனாரு"ன்னு வந்தா அப்பாவுக்கு போன் போட்டு கேட்டுட்டு ஏறு, உண்மையா அனுப்பியிருந்தா அந்த ரெண்டு நிமிசம் அவரு நிப்பாரு. வீட்டுல எல்லாருமா ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கங்க, எங்க வீட்டுல எங்க பழைய எருமையோட பேரு.

தெரியாத நம்பர்ல இருந்து தெனமும் மெசேஜ் வருது, என்ற நம்பர் எப்படி கெடைச்சுது?

சங்கடமா தான் இருக்குது, ஆனா சொல்லோணும். எங்கள மாதிரி ரீசார்ஜ் கடையில இருந்தே போயிருக்கலாம். முன்னாடி நாங்களும் கவுண்டர் மேல ஒரு நோட்டு வெச்சு நம்பர எழுதச் சொல்லுவோம், அடுத்து வர்றவன் அத பாத்துட்டே நிப்பான். ஒரு நாள் ஒரு பையன் நோட்டு பக்கத்த போன்ல படம் புடிச்சத பாத்து, அன்னைக்கே அந்த நோட்ட கிழிச்சு அடுப்புல போட்டேன். இப்ப புள்ளைங்களே என்ற போன வாங்கி நம்பர் அடிச்சுக்குவாங்க. வீட்டுலயே யாரோட ஆப்ல இருந்தாச்சும் ரீசார்ஜ் பண்ணிக்கறது இன்னும் நல்லது. பார்சல் கவர வீசறதுக்கு முன்னாடி அட்ரஸ் ஒட்டுன பேப்பர கிழிச்சுருங்க.

வேண்டாம்னு சொன்னதுக்கு அப்பறமும் திரும்பத் திரும்ப மெசேஜ் பண்றது, பின்னாடியே வர்றதெல்லாம் சட்டத்துல குத்தம். பதினெட்டுக்கு கீழ இருக்கற புள்ளைய தப்பான எண்ணத்தோட அப்படி தொடந்தா போக்சோல மூணு வருசம் வரைக்கும் தண்டனை இருக்குது.

இன்ஸ்டா, வாட்ஸப்ல எதையெல்லாம் மாத்தி வெக்கோணும்?

அக்கவுண்ட்ட பிரைவேட்ல போடு. ஸ்கூல் யூனிபார்ம், வீட்டு வாசல், டியூஷன் போர்டு தெரியற போட்டோவ போடாதே, எங்கயாச்சும் போனா வீட்டுக்கு வந்ததுக்கு அப்பறம் ஸ்டோரி போடு. இன்ஸ்டால வயச பொய்யா பதினெட்டுன்னு போட்டா டீன் அக்கவுண்ட்டுக்கு இருக்கற பாதுகாப்பு எதுவும் உனக்கு வராது. வாட்ஸப்ல டிபியும் குரூப்ல சேக்கறதும் காண்டாக்ட்ஸுக்கு மட்டும்னு மாத்து, தெரியாத நம்பர் கால சைலண்ட் பண்ற ஆப்ஷன் இருக்குது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின்ன யாருக்கும், ஃப்ரெண்டுக்கும் கூட சொல்லாதே.

இதெல்லாம் பொண்ணுங்களுக்கு தானே, எங்களுக்கு என்னக்கா?

தம்பி, போக்சோல ஆண் பெண்ணுன்னு வித்தியாசமே இல்ல. பசங்க சொல்றதில்ல, அவ்வளவு தான். வீடியோ கால்ல ஒரு பொண்ணு வந்து அத ரெக்கார்ட் பண்ணி காசு கேக்கறது பசங்களுக்கு தான் எச்சா நடக்குது. கேம்ல டைமண்ட் தர்றேன் ஸ்கின் தர்றேன்னு நம்பர் வாங்கி பழகறவனும் அதே மாதிரி தான். கோச்சோ, அண்ணனோ, யாரு தொட்டாலும் உனக்கு புடிக்கலைன்னா அது தப்பு தான், பையன்னா தாங்கிக்கோணும்னு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் கேளு. குரூப்ல ஒரு புள்ளையோட படம் வந்து நீ ஃபார்வர்ட் பண்ணீட்டா நீயும் குத்தவாளி. ஐடி சட்டம் 67பில மொத தடவைக்கே அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், பத்து லட்சம் வரைக்கும் அபராதம். அந்த மாதிரி படத்த சும்மா போன்ல வெச்சிருந்தாலும் குத்தமாகும்னு 2024 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லீருச்சு. வந்தா ஃபார்வர்ட் பண்ணாம ரிப்போர்ட் அடி, அந்த புள்ளைகிட்டயோ பெரியவங்க கிட்டயோ சொல்லு. அப்பறம் லவ் பண்றவங்களுக்கும் சொல்றேன், பதினெட்டுக்கு கீழ இருக்கறவங்க சரின்னு சொன்னாலும் சட்டம் அத சம்மதமா எடுத்துக்காது.

டெலிகிராம்ல பார்ட் டைம் வேலை, சும்மா அக்கவுண்ட் குடுத்தா அஞ்சாயிரம்னு சொல்றாங்க.

குடுக்கவே குடுக்காதே. ஏமாத்துன காச உன்ற அக்கவுண்ட் வழியா மாத்துவாங்க, போலீஸ் மொதல்ல வந்து நிக்கறது உன்ற வீட்டு வாசல்ல தான். சிம் வாங்கி குடுக்கறதும் அப்படித்தான். ரிவ்யூ போட்டா காசுன்னு மொதல்ல எரநூறு முந்நூறு போடுவான், அப்பறம் நீ போடு ரெட்டிப்பாகும்பான்.

ஒறம்பரைக்கு வர்ற ஒருத்தரே தப்பா நடந்துக்கறாரு. சொன்னா குடும்பம் ஒடஞ்சுரும்னு அம்மா சொல்றாங்க.

இத கேட்ட புள்ளைக்கு பதில் சொல்றப்ப என்ற கொரல் ஒடஞ்சுருச்சு. புள்ளைங்ககிட்ட தப்பா நடக்கறவங்க பெரும்பாலும் தெரிஞ்சவங்க தானுங்க. நோம்பிக்கு வந்தவரு, பங்காளி, டியூஷன் எடுக்கறவரு, அப்பாவோட ஃப்ரெண்டு. மரியாதை குடுக்கோணும்னு சொல்லி வளத்த புள்ளை வாய தெறக்காது, அவங்களுக்கு அது நல்லா தெரியும்.

கண்ணு, அம்மா கேக்கலைன்னா அடுத்த ஆள்கிட்ட சொல்லு, அவங்களும் கேக்கலைன்னா அதுக்கு அடுத்த ஆள், இல்லைன்னா நேரா 1098. கேள்விப்பட்ட பெரியவங்களுக்கும் சொல்றேன், போக்சோல தெரிஞ்சும் புகார் பண்ணாம இருக்கறதே தண்டனைக்குரிய குத்தம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். குடும்பத்த ஒடச்சது அந்த ஆளு, புள்ளை இல்ல.

பெத்தவங்க கேக்கறது: புள்ளையோட போன தெனமும் செக் பண்ணலாமுங்களா?

ஒளிஞ்சு பாக்காதீங்க, தெரிஞ்சுதுன்னா ரெண்டாவது அக்கவுண்ட் ஆரம்பிச்சுக்கும். ராத்திரி போன ஹால்ல சார்ஜ் போடறதுன்னு வீட்டுக்கே ஒரு பழக்கம் வெய்யுங்க, உங்க போனும் அங்கயே இருக்கோணும். ஷிப்ட் முடிஞ்சு வந்து அலுப்பா தான் இருக்கும், எனக்கு தெரியும், ஆனா சோறு போடறப்ப பத்து நிமிசம் ஸ்கூல் கதைய கேளுங்க, மார்க்க கேக்காம. புள்ளை ஒரு நாள் வந்து சொன்னா மொத வார்த்தையா "நீ சொன்னது நல்லது சாமி"ன்னு சொல்லுங்க, கோவம் வந்தா பொடக்காலிக்கு போய் தண்ணி குடிச்சுட்டு வந்து பேசுங்க. எதுக்கு அனுப்புன, எதுக்கு அந்த வழில போனன்னு ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்கோட அந்த வாய் மூடீரும்.

நடந்து ரொம்ப நாள் ஆயிருச்சு, இப்ப சொன்னா நம்புவாங்களா?

சொல்லலாம். ஆறு மாசம் கழிச்சு, ரெண்டு வருசம் கழிச்சு சொன்ன புள்ளைங்களும் இருக்காங்க. ஞாபகம் இருக்கறத எல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுது, தேதி தெரியலைன்னா எந்த நோம்பிக்கு முன்னாடி, எந்த பரிச்சைக்கு அப்பறம்னு எழுதுனாலும் போதும். பழைய போன வித்துராதே. தூக்கம் வராம, சாப்பிட முடியாம, செத்தரலாம்னு தோணுச்சுன்னா 14416க்கு கூப்பிடு, டெலிமானஸ்னு பேரு, தமிழ்லயே பேசுவாங்க, பேரு சொல்ல வேண்டியதில்ல. போன்ல பேச எடம் இல்லைன்னா எங்க கடைக்கு பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்குது, கதவு இருக்குது, பேசி முடிக்கற வரைக்கும் நான் முன்னாடி உக்காந்திருப்பேன்.